இருமுகிற காருக்குப் புது என்ஜின்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்ஜின் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, இறங்குவேனா என்றது.

வாடகைக்கு எடுத்த கிரேன். கைப்பிடியை அமுக்கினால் என்ஜின் மேலே போக வேண்டும். வால்வைத் திருகினால் கீழே வர வேண்டும். மேலே போகிற வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது. கீழே வருகிற வேலைக்கு மட்டும் அதற்கு மனசு வரவில்லை. போர்ட்டிகோவில் பானட்டும் பம்பரும் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்ற சின்னச் சிவப்புக் காருக்கு மேலே, அதன் சொந்த என்ஜின் சங்கிலியில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

"என்னங்க, இது கீழ வருமா, இல்ல இனிமே நமக்கு இதுதான் வாசல் விளக்கா?" என்றாள் மனைவி.

"வரும்மா. பதறாத. எல்லாம் திட்டப்படிதான் போகுது."

"அந்தத் திட்டத்துல திங்கட்கிழமை இருக்கா?"

இருந்தது. அதுதான் விஷயமே.

மனைவி மாட்டு டாக்டர். நாலு வருஷமாக யாராவது நீண்ட லீவில் போனால் அந்த இடத்துக்குப் போய் நிற்பாள். அவர்கள் திரும்பி வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். இப்போதுதான் முதல்முறையாக நிரந்தர வேலை கிடைத்திருந்தது. அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய பால் பண்ணை, அதன் ஆஸ்பத்திரி. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள், சொந்த வண்டியோடு, வந்து பொறுப்பேற்க வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்த மாட்டுக்கு எப்போது வலி எடுக்கும் என்று சொல்ல முடியாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற டாக்டர் அவர்களுக்கு வேண்டாம்.

கார் அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அதை ஓட்டுகிற உரிமை அவளுக்கு, வைத்தியம் பார்க்கிற உரிமை தனக்கு என்று கணவர் தாமாகவே பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்.

கணவருக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆவண அறையில் வேலை. இரண்டு லட்சம் கோப்புகள். எதைக் கேட்டாலும் மூன்று நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பார். காரணம், லேபிள். ஆபீஸில் அவருக்குப் பெயரே அதுதான். வீட்டிலும் ஸ்விட்ச், சாவி, உப்பு டப்பா, எல்லாவற்றிலும் லேபிள் இருந்தது. மாமனாரின் கண்ணாடிக் கூட்டில்கூட 'மாமா - படிக்க' என்று ஒட்டியிருந்தார். மனைவி மட்டும்தான் அந்த வீட்டில் லேபிள் ஒட்டப்படாமல் நடமாடிய ஒரே பொருள்.

"கண்ணு ஏமாத்தும், ஞாபகம் ஏமாத்தும். லேபிள் ஏமாத்தாது" என்பது அவர் கட்சி.

கார் கெட்டது மூன்று வாரத்துக்கு முன்னால். டர்போ வைத்த என்ஜின். மிதித்தால் சிட்டாகப் பறக்கும். ஒரு நாள் திடீரென்று விசில் அடித்தது, இருமியது, கறுப்பாகப் புகை விட்டது. மேட்டில் ஏறச் சொன்னால் யோசித்தது. மனைவியின் அண்ணன் நாலு தெரு தள்ளி ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். அவருக்குப் போன் போனது.

"விசில் சத்தம் வருதா மாப்ளே? முதல்ல டர்போ ஹோஸைப் பாருங்க. எங்கயாவது கிழிஞ்சிருக்கும். வண்டியை இங்க அனுப்புங்க, அரை மணி நேர வேலை."

"மச்சான், புகை வருது. கறுப்புப் புகை."

"வரும். ஹோஸ் கிழிஞ்சா புகையும் வரும்."

லேபிள் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "உங்க அண்ணன் இன்னும் சைக்கிள் காலத்துலயே இருக்காரு. ரப்பர் குழாயாம்! இது என்ஜின் போன கேஸ். மூணு மணி நேரம் வீடியோ பாத்திருக்கேன். என்ஜினையே மாத்தணும். வீட்டுலயே மாத்தலாம்."

மனைவி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "இருமுற மாட்டுக்கு நாங்க முதல்ல தொண்டையைப் பாப்போம். மாட்டையே மாத்த மாட்டோம்."

"மாடு வேற, மெஷின் வேறம்மா."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. அதுக்குள்ள வண்டி ஓடலைன்னா அண்ணனைக் கூப்பிட்டுருவேன். அப்புறம் நீங்க இந்த வீட்டுல ஸ்க்ரூடிரைவரைக் கையால தொடக் கூடாது."

"ஆறு மணி எதுக்கு? நாலு மணிக்கே சாவியைக் கையில குடுக்கறேன்" என்றார் லேபிள். அவர் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைக்காரர் அதே மாதிரி என்ஜின் ஒன்றை வியாழக்கிழமை டெம்போவில் கொண்டுவந்து, போர்ட்டிகோவில் கிடந்த ஒரு பழைய டயர் மேல் இறக்கினார். இறக்குவதற்கு முன்னால் பையிலிருந்து மஞ்சள் பெயிண்ட் பேனாவை எடுத்து, குனிந்து, என்ஜினின் அடிவயிற்றில் மூன்று புள்ளி வைத்தார்.

"இது எதுக்கு அண்ணே?"

"நம்ம கடைக் குறி சார். ஆறு மாசத்துல ஏதாவது ஆச்சுன்னா இந்த மூணு புள்ளி இருக்கணும். இல்லன்னா கேரண்டி கிடையாது. உங்க பழைய என்ஜினை நான் எடுத்துக்கணும், அதுதான் நம்ம பேச்சு. திங்கட்கிழமை சாயங்காலம் வருவேன். கழுவி வைங்க. எண்ணெய்ப் பிசுக்கோட தந்தா வண்டியில ஏத்த மாட்டேன்."

அவர் போனதும் லேபிள் மாமனாரிடம் சொன்னார்: "அடியில போட்டா யாரு மாமா படிப்பாங்க? லேபிள்னா கண்ணுக்கு எதிர்ல இருக்கணும்." ஒரு அட்டையில் 'புதுசு' என்று எழுதி என்ஜினின் நெற்றியில் கட்டினார்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருவோம். 'பழசு' என்ற அட்டையோடு பழைய என்ஜின் தொங்குகிறது.

"வால்வு இறங்கலைன்னா என்ன, கிரேனோட தள்ளிக்கிட்டுப் போயிடுவோம்" என்று முடிவெடுத்தார் லேபிள். "மாமா, நீங்க பின்னால நின்னு வழி சொல்லுங்க."

அவர் ஆளைத் தவறாகத் தேர்ந்தெடுத்தார். மாமனார் ரிட்டயர்டு ரயில்வே கார்டு. முப்பத்தைந்து வருஷம் ரயிலின் கடைசிப் பெட்டியில், போகிற பாதையை விட்டுவிட்டு வந்த பாதையைப் பார்த்தபடியே வேலை பார்த்தவர். ரயிலுக்கு எது வலதோ அது அவருக்கு இடது. ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் அவருடைய வலதும் இடதும் ரயிலை விட்டு இறங்கவில்லை. பச்சைக் கொடியை மட்டும் இறக்கிக் கொண்டுவந்திருந்தார்.

"வரட்டும், வரட்டும்" என்றார், கொடியை ஆட்டி. "வலது. இன்னும் வலது. நல்லா வலது!"

லேபிள் நல்லா வலதுக்குத் தள்ளினார். கிரேனின் இரும்புக் கால் போய்ச் சுவரோரத் தண்ணீர்க் குழாயில் மோதியது. குழாய் முறிந்தது. அந்த அதிர்ச்சியில் வால்வுக்குப் புத்தி வந்து, என்ஜின் தனக்கென்று போட்டிருந்த இரண்டாவது டயர் மேல் 'தொம்' என்று உட்கார்ந்தது. மூன்று பேர் மேலும் தண்ணீர் அடித்தது.

"இடதுன்னு சொல்ல வேண்டியது, அப்பா!" என்று கத்தினாள் மனைவி.

"என் பக்கம் அது வலதும்மா!"

லேபிள் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா? என்ஜின் கரெக்டா டயர் மேல. ஒரு இஞ்ச் விலகலை."

"குழாய்?"

"குழாய் சின்ன விஷயம்."

சின்ன விஷயத்துக்கு ஒரு மரக்கட்டையைச் செருகி, சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டினார். மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. ரயில்வேயில் ஒரு விபத்து நடந்தால் உடனே ஒரு விதி வரும். அவரும் ஒரு விதி போட்டார்.

"மாப்பிள்ளை, இனிமே இந்தக் குழப்பம் வேணாம். நான் வலதுன்னா நீங்க இடதுன்னு எடுத்துக்குங்க. நீங்க வலதுன்னா நான் இடதுன்னு எடுத்துக்கறேன். ஒப்பந்தம்."

"சரி மாமா, சரி" என்றார் லேபிள், காதில் வாங்காமலே. அவருக்கு வேறு கவலை.

கடைக்காரர் கொடுத்தது வெறும் என்ஜின். டர்போ, குழாய்கள், டைனமோ எல்லாவற்றையும் பழசிலிருந்து கழற்றித்தான் புதுசில் மாட்ட வேண்டும். மத்தியானம் முழுக்கக் கழற்றுகிற வேலை மட்டும் நடந்தது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பைக்குள் போய், 'கியர் பாக்ஸ் - மேல் - 3' என்கிற மாதிரி மேலே மையால் பெயர் வாங்கிக்கொண்டது. மொத்தம் நாற்பத்தேழு பைகள். டர்போ ஹோஸ் மட்டும் இறுகிக்கொண்டு வர மறுத்தது. மாமனார் ஒரு முனையைப் பிடித்து, ரயிலை நிறுத்துகிற சங்கிலியை இழுப்பது போல இழுத்தார். வந்துவிட்டது. பார்த்தால் நடுவில் விரல் நீளத்துக்குக் கிழிசல்.

"அடடா, கிழிச்சிட்டேனே!"

"விடுங்க மாமா. ரப்பர்தானே. புதுசு வாங்கிக்கலாம்." லேபிள் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, சாயங்காலமே புது ஹோஸ் வாங்கி வந்தார்.

சனிக்கிழமை காலை, மரக்கட்டை குழாயிலிருந்து வெடித்துக்கொண்டு வெளியே வந்து, எதிர் வீட்டு வக்கீலின் கேட்டில் போய் மோதியது. பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

வேறு யாராயிருந்தாலும் பதறியிருப்பார்கள். லேபிளின் முகம் மலர்ந்தது.

"மாமா, கடைக்காரர் கழுவணும்னு சொன்னாரில்ல? தண்ணி தானா வந்திருக்கு. பழசையும் கழுவிருவோம், புதுசையும் கழுவிருவோம்!"

அட்டைகள் நனைந்துவிடக் கூடாது என்று மாமனார் இரண்டையும் அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். லேபிள் எண்ணெய் நீக்கும் சோப்பு டின்னைத் திறந்தார். டின்னில் 'ஒரு மூடி' என்று போட்டிருந்தது. அது அவர் ஒட்டிய லேபிள் இல்லை. அதனால் முழு டின்னையும் ஊற்றினார்.

நுரை முழங்கால் அளவுக்கு எழுந்தது. என்ஜின்கள் இரண்டும் மறைந்தன. நுரை கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி, வளைந்து, வக்கீல் வீட்டுப் படியேறி, வரிசையாக வைத்திருந்த செருப்புகளை ஒவ்வொன்றாகக் கிளப்பிக்கொண்டு போனது. தொட்டித் தண்ணீர் முழுவதும் தீர்ந்த பிறகுதான் குழாய் ஓய்ந்தது.

"நான் குளிக்கணுமே!" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"யாருங்க அங்க?" என்று எதிரேயிருந்து வக்கீலின் குரல் வந்தது. "என் இடது செருப்பு தெருக்கோடியில மிதக்குது! நோட்டீஸ் அனுப்பட்டுமா, இல்ல நேர்ல வர்றீங்களா?"

லேபிள் நேரில் போகக் கிளம்பினார். கேட்டைத் தாண்டியவர் ஞாபகம் வந்து திரும்பி, "மாமா, அட்டையைக் கட்டிருங்க! வலது பக்கம் இருக்கிறதுதான் பழசு!" என்று கத்தினார்.

மாமனார் பச்சைக் கொடியைக் காட்டினார். ரயில்வேக்காரர், எதையும் மறக்காதவர்.

வக்கீல் சமாதானமாகிற வகையில்லை. கடைசியில் சுவர் முழுக்கச் சரிந்து கிடந்த தன் கேஸ் கட்டுகளைக் காட்டி, "ஆவண அறையிலதானே வேலை? இதை அடுக்கி லேபிள் ஒட்டிக் குடுங்க. செருப்பை மறந்துடறேன்" என்றார். மூன்று மணி நேரம் போயிற்று. வேலையை முடித்துவிட்டுத் திரும்பியபோது லேபிள் களைப்பாக இல்லை. ஒரு சுற்றுப் பெருத்திருந்தார்.

போர்ட்டிகோ கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. இரண்டு டயர்கள் மேல் இரண்டு என்ஜின்கள், குளித்து முடித்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. இரண்டின் நெற்றியிலும் அட்டை. லேபிள் 'புதுசு' என்று இருந்ததைத் தட்டிப் பார்த்தார்.

"சத்தத்தைக் கேளுங்க மாமா. கிண்ணுனு இருக்கு." பிறகு மற்றதைத் தட்டினார். "இதைக் கேளுங்க. செத்த சத்தம்."

"ஆமா மாப்பிள்ளை. நல்லா வித்தியாசம் தெரியுது."

சந்தோஷம் போல்ட் பைகள் வரைக்கும்தான் நீடித்தது. நாற்பத்தேழு பைகளும் நுரையில் மிதந்திருந்தன. மை கரைந்து, எல்லாப் பையிலும் ஒரே மாதிரி நீல மேகம். லேபிள் ஒரு பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். மூன்றாவதையும் பார்த்தார்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் என் தலையில இருக்கு."

"தலையில இருக்கறதை எப்பத் தரையில வைப்பீங்க?"

சனிக்கிழமை மிச்சமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படியே கரைந்தன. கழற்றியதையெல்லாம் புதுசில் மாட்டி, அதை இறக்கி, கியர் பாக்ஸோடு சேர்க்க வேண்டும். ஒரு போல்ட் நீளமாக இருக்கும், ஒன்று குட்டையாக இருக்கும், ஒன்று நுழையவே நுழையாது. மாமனார் கிரேனுக்கு வழி சொன்னார். "வலது" என்றால் லேபிள், குழாய் உடைந்த ஞாபகத்தில், கவனமாக இடதுக்குத் தள்ளினார். இந்தத் தடவை எதுவும் உடையவில்லை.

பதினொரு மணிக்குக் கடைசி கியர் பாக்ஸ் போல்ட் லேபிளின் விரலிலிருந்து நழுவி, என்ஜினுக்கும் பின் தகட்டுக்கும் நடுவிலிருந்த இருட்டுச் சந்துக்குள் விழுந்தது. காந்தக் கம்பியை விட்டார். கம்பியும் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. கம்பியை எடுக்க இடுக்கியை விட்டார், அதுவும் போனது.

"என்ஜினை மறுபடி தூக்கிரலாம்" என்றார், கொஞ்சம் குரல் இறங்கி. "ஆறு மணி நேரம். கிரேனை ரெண்டு மணிக்குத் திருப்பித் தரணும். ஆனாலும்..."

மனைவி கிட்டே வந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள்.

"குளிக்கிற சோப்பாவது மிச்சம் இருக்கா?"

கை முழுக்கச் சோப்பைத் தடவிக்கொண்டு, காரின் மேல் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். முழங்கை மறைந்தது. தோள் மறைந்தது. கன்னம் என்ஜின் மேல் பட்டது.

"பேசாதீங்க யாரும்" என்றாள். "ம்... இடுக்கி. இந்தாங்க. கம்பி... இது. இரு, இரு, வழுக்குது. திரும்பியிருக்கு. வா... வாடா... வந்துருச்சு."

கை வெளியே வந்தது. விரல் நுனியில் போல்ட்.

மாமனார் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். "ஆணா, பொண்ணா?"

"பதினாலாம் நம்பர்" என்றாள் மகள், கையைத் துடைத்தபடி.

லேபிள் அவளை மரியாதையோடு பார்த்தார். அந்த மரியாதை ஒரு நிமிஷம் நீடித்தது. பிறகு, "நான் விட்ட இடம் சரியான இடம்கிறதாலதான் கைக்கு எட்டுச்சு" என்றார்.

மூன்றரைக்கு எல்லாம் முடிந்தது. புது ஹோஸ், புது எண்ணெய், புதுத் தண்ணீர். லேபிள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, காலரைச் சரிசெய்துகொண்டு, சாவியைத் திருப்பினார்.

'டிக்' என்றது. அவ்வளவுதான்.

"புது இடம். கூச்சப்படுது" என்றார். மறுபடி திருப்பினார். 'டிக்.'

மாமனார் கொடியை மடித்துக்கொண்டார். மனைவி போனைக் கையில் எடுத்தாள். மணி மூன்று நாற்பத்தைந்து. லேபிள் சாவியிலிருந்து கையை எடுத்தார். நாலு வருஷம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவளை இன்னொரு தடவையும் வாசலில் நின்று வரவேற்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு எந்த லேபிளும் கிடையாது.

"இங்க ஒரு கறுப்பு வயர் சும்மா தொங்குதே" என்றாள் அவள், போனில் எண்ணைத் தேடியபடியே. "தடியா. இது எங்கயாவது மாட்டணுமா?"

எர்த் வயர். அது இல்லாமல் என்ஜினுக்குக் கரண்ட் ஓடாது.

"அதைத்தான் கடைசியா மாட்டலாம்னு வச்சிருந்தேன்" என்றார் லேபிள். ஓடிப்போய் மாட்டினார். சாவியைத் திருப்பினார்.

என்ஜின் ஒரே உதறலில் எழுந்தது. ஹாரனும் எழுந்தது. பம்பருக்கு அடியில் எங்கோ ஹாரன் வயர் நசுங்கி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி விடாமல் அலறியது. எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

"இன்னும் ரெண்டு அலமாரி இருக்கு!" என்று வக்கீல் சத்தமாகச் சொன்னார்.

லேபிள் ஹாரன் வயரைப் பிடுங்கி எறிந்தார். அமைதி. அந்த அமைதிக்குள் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. விசில் இல்லை. இருமல் இல்லை. சைலன்சர் வாயில் மனைவி வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. தெருக்கோடி மேட்டில் ஏற்றிப் பார்த்தாள். கார் மேட்டைக் கவனிக்கவே இல்லை.

திரும்பி வந்து இறங்கியபோது அவள் கண் கலங்கியிருந்தது. "எண்ணெய்ப் புகை" என்றாள், யாரும் கேட்காமலே.

நாலு மணிக்குச் சாவி அவள் கையில் இருந்தது. நாலே கால் மணிக்கு லேபிள் மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான்! என்ஜின் மாத்தியாச்சு. வீட்டுலயே. பறக்குது. ஹோஸ்னு சொன்னீங்களே, ஹோஸ்!"

"நிஜமாவா மாப்ளே? பெரிய வேலையாச்சே. சந்தோஷம். ஆனா அந்தப் பழைய ஹோஸைத் திருப்பிப் போட்டுராதீங்க."

"போடலை. கழட்டும்போதே மாமா இழுத்துக் கிழிச்சிட்டாரு. புதுசுதான்."

மறுமுனையில் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "கழட்டும்போதா கிழிஞ்சுது?"

"பின்ன?"

"சரி மாப்ளே. எப்படியோ, ஓடுதுல்ல" என்றார் மச்சான். அவருக்கு என்னவோ போலிருந்தது. தங்கை வாழ்க்கைப்பட்ட வீடு என்பதால் விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் மாடுகள்.

"வந்துட்டேங்க. கையெழுத்துப் போட்டுட்டேன். முதல் ஆள் நான்தான். வாசல்ல நம்ம வண்டி நிக்குது."

"எப்படி ஓடிச்சு?"

"புது என்ஜின் புது என்ஜின்தாங்க. உங்களைக் கிண்டல் பண்ணினதை வாபஸ் வாங்கிக்கறேன். மாட்டையும் மாத்தலாம்."

அன்று ஆவண அறையில் லேபிள் இரண்டு லட்சம் கோப்புகளுக்கும் நடுவில் நின்று என்ஜின் மாற்றிய கதையைச் சொன்னார். குழாய் கதையில் வரவில்லை. வக்கீலும் வரவில்லை. பதினாலாம் நம்பர் போல்ட்டை எடுத்த கை யாருடையது என்பது கொஞ்சம் மங்கலாக இருந்தது. ஒரு டைப்பிஸ்ட் தன் ஸ்கூட்டரைப் பார்க்கச் சொன்னாள். ஒப்புக்கொண்டார். பதிவுப் புத்தகத்தில் என்ஜின் நம்பரை மாற்றச் சொல்லி, கடை ரசீதில் இருந்த நம்பரைப் பார்த்து விண்ணப்பம் எழுதி, மதியமே போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். அவருக்கு எதையும் பாதியில் விடுகிற பழக்கம் இல்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குச் சிவப்புக் கார் பூனை மாதிரி சத்தமில்லாமல் போர்ட்டிகோவில் வந்து நின்றது. மனைவி இறங்கி பானட்டைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள், நல்ல மாட்டைத் தட்டுகிற மாதிரி. பின்னாலேயே டெம்போவில் கடைக்காரர் வந்தார்.

"வாங்க அண்ணே! உங்க சரக்கு பிரமாதம்" என்றார் லேபிள். "இன்னிக்குப் போக அறுபது, வர அறுபது. ஒரு முணுமுணுப்பு இல்ல. நீங்க கேட்ட மாதிரி பழசைக் கழுவி வச்சிருக்கேன். பாருங்க, லேபிளோட."

"ரொம்பச் சுத்தமா இருக்கே சார். யாரும் இப்படித் தர்றதில்ல."

"நாங்க எல்லாமே ஒரு முறையோட செய்யறவங்க."

டெம்போவின் சங்கிலியை மாட்டினார்கள். மாமனார் பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு வந்து நின்று, "வரட்டும், வரட்டும்" என்றார். 'பழசு' என்ற அட்டை நெற்றியில் ஆட, என்ஜின் டயரை விட்டு எழுந்து இடுப்பளவு உயரத்துக்குப் போயிற்று. கடைக்காரர் வழக்கம்போலக் குனிந்து அதன் அடியைப் பார்த்தார். பார்த்தவர் நிமிரவில்லை. கட்டை விரலால் எதையோ தேய்த்துப் பார்த்தார். பிறகு திரும்பி, வாசலில் மினுமினுத்துக்கொண்டு நின்ற சிவப்புக் காரைப் பார்த்தார்.

"சார், இது நான் குடுத்த என்ஜின். மூணு மஞ்சள் புள்ளியும் அப்படியே இருக்கு. அப்ப இன்னிக்கு அறுபதும் அறுபதும் போயிட்டு வந்தது எது?"